பிள்ளை பார்க்கிற வேலைக்கு மூன்று வருசப் படிப்பா?

அன்புள்ள அக்கா,

போன வியாழக்கிழமை மகளோடு என் அறைக்கு வந்து இருந்தபோது நீங்கள் அதிகம் கதைக்கவில்லை. எழும்பிப் போகும்போது கதவடியில் நின்றுதான் கேட்டீர்கள்: "பிள்ளை பார்க்கிற வேலைக்கா மூன்று வருசம் படிக்க வேண்டும்?" மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது டேகெயார். அது சின்னப் பிள்ளைகளுக்கானது, அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது. மகளுக்குக் கொலிஜில் இடம் கிடைத்திருப்பது 'சைல்ட் அண்ட் யூத் கெயார்', அதாவது பிள்ளைகளையும் இளையோரையும் பராமரிக்கிற மூன்று வருச டிப்ளோமா. பாடசாலைக்குப் போக மறுத்து அறைக்குள் இருக்கிற பன்னிரண்டு வயதுப் பையன், வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு குரூப் ஹோமில் (பணியாளர்கள் பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் சேர்ந்து வாழ்கிற வீட்டில்) வளர்கிற பதினாறு வயதுப் பிள்ளை, மனநலப் பிரிவில் படுத்திருக்கிற பிள்ளை, தெருவுக்கு வந்துவிட்ட இளைஞன் என்று இப்படிப்பட்டவர்களோடுதான் இந்த வேலை.

சரி, இதில் படிக்க என்ன இருக்கிறது? இரவு பதினொரு மணி, குரூப் ஹோமில் ஒரு பையன் கதவை உதைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர் சத்தம் போடுவார், இல்லாவிட்டால் பொலிசைக் கூப்பிடுவார். படித்தவர் முதலில் மற்றப் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புவார். அவன் வெளியேறும் வழியை மறிக்காமல் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் நின்று, குரலைத் தாழ்த்தி இரண்டு சொல் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அடுத்த நாள் காலை சீரியல் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்து, உதைக்கிறதுக்கு முன்னம் என்ன நடந்தது என்று கேட்பார். பின்னேரம் அம்மா தொலைபேசி எடுத்து, இந்தக் கிழமையும் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்புறம் அதையெல்லாம் பதிவில் எழுத வேண்டும். அந்தப் பதிவு ஒரு நாள் நீதிமன்றம் வரை போகலாம் என்பதால் ஒவ்வொரு சொல்லும் கவனமாக இருக்க வேண்டும்.

உளவியலாளர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பிள்ளையைப் பார்ப்பார். சாப்பாட்டு மேசை, பஸ் பயணம், சண்டை, நித்திரை வராத இரவு எல்லாவற்றிலும் கூட இருப்பவர் இந்தப் படிப்பு முடித்தவர்தான். பிள்ளை மாறுகிற இடம் பெரும்பாலும் அங்கேதான் என்று நான் முழுதாக நம்புகிறேன்.

இதன் தேவை நம் சனத்துக்குப் புதிதில்லை. 1990களின் பிற்பகுதியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குழுச் சண்டைகளில் நம் பையன்கள் செத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதுதான் தமிழ் இளையோரே சேர்ந்து கனடியத் தமிழ் இளையோர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். இரவு வேலைக்குப் போன தாய் தகப்பனும் கதைக்க ஆளில்லாத பையன்களும் இன்றும் இருக்கிறார்கள். பாடசாலையிலிருந்து ஒருவர் அழைத்து, அந்தத் தாயோடு தமிழிலேயே கதைத்தால் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

கஷ்டங்களையும் மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் பலருக்குக் கிடைப்பது குரூப் ஹோம் வேலை. சம்பளம் குறைவு, இரவு ஷிஃப்ட், வார இறுதி வேலை, சில நேரம் அடியும் விழும். பாடசாலைச் சபைகளிலும் வைத்தியசாலைகளிலும் தொழிற்சங்கத்தோடு நல்ல சம்பளம் உண்டு. ஆனால் அங்கேயும் முதலில் கூப்பிடும்போது போகிற தற்காலிக வேலையாகத்தான் கிடைக்கும்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோவில் நேர்ஸ், சோஷல் வேர்க்கர், டேகெயார் ஆசிரியர் எல்லோருக்கும் சட்டப்படி பதிந்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு உண்டு. பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. மிகவும் காயப்பட்ட பிள்ளைகளோடு வாழ்கிற இவர்களுக்கு அது இல்லை. இவர்களுடைய மாகாணச் சங்கம் பல வருசமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சம்பளமும் மரியாதையும் ஏறாததற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். உங்கள் தொகுதி மாகாண உறுப்பினர் கோயிலுக்கோ விழாவுக்கோ வரும்போது இதைக் கேளுங்கள், அக்கா. ஒரு தாய் கேட்டால் நின்று பதில் சொல்வார்கள்.

டிப்ளோமாவோடு நிற்க வேண்டியதில்லை. ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தில், இந்த டிப்ளோமா முடித்தவர்கள் மூன்றாம் வருசத்தில் நேரே சேர்ந்து பட்டம் எடுக்கலாம், முதுகலையும் உண்டு. கனடாவின் மேற்கே விக்ரோறியா பல்கலைக்கழகத்தில் இதே துறையில் கலாநிதிப் பட்டம் வரை போகலாம். ஊரில் சொல்ல ஒரு பெயர் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது.

மகள் ஏன் இதைக் கேட்டாள் என்று உங்களிடம் சொன்னாளா தெரியவில்லை. கோடைகால முகாமில் ஒருவரோடும் கதைக்காத சின்னப் பையன் ஒருவன் இருந்தானாம். எட்டு நாள் அவன் பக்கத்தில் பேசாமல் இருந்து லெகோ கட்டினாளாம். ஒன்பதாம் நாள் அவன் அவளிடம் ஒரு துண்டை நீட்டினானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இன்றைக்கு அவளிடமே கேளுங்கள்.

கொலிஜுக்குச் சம்மதம் சொல்ல வழக்கமாக மே 1 வரை நேரம் தருவார்கள். செயல்முறைப் பயிற்சிக்குப் போகப் பொலிஸ் சான்றிதழும் முதலுதவிச் சான்றிதழும் தேவைப்படும். கார் ஓட்டும் லைசன்ஸை இப்போதே எடுக்கத் தொடங்கட்டும், பல குரூப் ஹோம்கள் அதைக் கேட்கும். வரும் செவ்வாய்க்கிழமை பின்னேரம், இந்தப் படிப்பை முடித்துப் பாடசாலையில் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளை ஒருத்தி என் அறைக்கு வருகிறாள். அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சம்பளம் எவ்வளவு என்று அவளிடமே கேட்கலாம்.