பெரிய லென்ஸா, நீளக் குழாயா, ‘அப்போ’ என்ற ஸ்டிக்கரா?

கேள்வி: மூன்று ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த) தொலைநோக்கிகளுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். ஒன்று 102 மி.மீ. விட்டம், 500 மி.மீ. குவியத் தூரம். இரண்டாவது 80 மி.மீ., 900 மி.மீ. மூன்றாவது 80 மி.மீ., 480 மி.மீ.; ‘ஈ.டி. அப்போ’ என்று போட்டிருக்கிறது, மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு விலை. விற்பவர், “102தான் பெரியது, 300 மடங்கு பெரிதாக்கும், அதையே எடுங்கள்” என்கிறார். நானும் என் பத்து வயது மகளும் மொட்டை மாடியிலிருந்து முக்கியமாக நிலா, வியாழன், சனி பார்க்கத்தான் வாங்குகிறோம். எதை எடுப்பது? இன்னொன்று, தெரிந்தவர் ஒருவரின் ரிஃப்ராக்டரில் பார்த்தபோது நிலா இடம் வலமாக மாறித் தெரிந்தது, அது பழுதா?

பதில்: நிலா, வியாழன், சனி என்று நீங்களே சொல்லிவிட்டதால் என் வேலை பாதி குறைந்தது. 80க்கு 900தான் உங்களுக்கு. அதோடு வரும் முக்காலி ஈர்க்குச்சி மாதிரி இருந்தால் அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். 102க்கு 500 உங்கள் வேலைக்கு ஆகாது. மூன்றாவது நல்ல கருவியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஸ்டிக்கரை வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது.

பெரியது எப்படி ஆகாமல் போகும் என்று கேட்பீர்கள். ஒற்றை லென்ஸ் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கும், அதனால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் இடத்தில் குவியும், பிம்பத்தைச் சுற்றி வண்ணக் கசிவு வரும். நிறப்பிறழ்ச்சி என்பது இதுதான். 17ஆம் நூற்றாண்டில் இதற்குத் தெரிந்த ஒரே வைத்தியம் குழாயை நீட்டுவது. டான்ஸிக் நகரத்து (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) வானியலாளர் ஹெவேலியஸ் ஏறக்குறைய 150 அடி நீளத்துக்கு ஒன்றைக் கட்டி, கம்பத்தில் கயிறும் கப்பியுமாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். நியூட்டன் லென்ஸே வேண்டாம் என்று, ஒளியைத் திருப்பியடிக்கும் கண்ணாடிக்குப் போய்விட்டார். வழி கண்டுபிடித்தவர் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர், 1730களின் தொடக்கத்தில். கிரௌன், ஃப்ளின்ட் என்று இரண்டு வகைக் கண்ணாடியில் செய்த லென்ஸ்களை ஒன்றோடொன்று சேர்த்தால், ஒன்று பிரித்த நிறத்தை மற்றொன்று பெரும்பாலும் கூட்டிவைத்துவிடும். ரகசியம் வெளியே போகக்கூடாதென்று அவர் இரண்டு லென்ஸ்களையும் வெவ்வேறு கடைக்காரர்களிடம் செய்யக் கொடுத்தாராம். இரண்டு பேருமே அந்த வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே ஆளிடம் தள்ளிவிட, அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டாராம். லண்டனில் ஒளியியல் கருவிகள் செய்த ஜான் டொலண்டு இந்த லென்ஸ் சேர்க்கைக்குக் காப்புரிமை வாங்கியது 1758இல். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: ஒரே பட்டறைச் சரக்கு இரண்டு கடைப் பெயரில் வருவது அன்றைக்கே இருந்திருக்கிறது. இன்றைக்கும் ஒரே தொழிற்சாலைக் குழாய் நாலு நிறத்தில், நாலு பெயரில், நாலு விலையில் வருகிறது. பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த இரட்டை லென்ஸ்தான் அக்ரோமேட். உங்கள் பட்டியலில் முதல் இரண்டும் அதுதான். இது இரண்டு நிறங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது, ஊதா மட்டும் அடங்காமல் வெளியே நிற்கிறது. அதனால் நிலாவின் விளிம்பிலும் வியாழனைச் சுற்றியும் ஒரு ஊதாப் படலம் தெரியும். அது எவ்வளவு தெரியும் என்பது விட்டத்தையும் குவியத் தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியவரும். உறுத்தாமல் இருக்க 80 மி.மீ. அக்ரோமேட்டுக்குச் சுமார் 750 மி.மீ. குவியத் தூரம் போதும். 100 மி.மீ.க்குச் சுமார் 1200 மி.மீ. வேண்டும். கவனியுங்கள், விட்டம் கால் பங்குதான் கூடியது, நீளம் ஒன்றரை மடங்குக்கு மேல் எகிறிவிட்டது. உங்கள் 900 அந்தக் கோட்டைத் தாராளமாகத் தாண்டுகிறது. அந்த 102க்கோ 1200 வேண்டிய இடத்தில் 500தான் இருக்கிறது. வியாழனைப் பார்த்தால் ஊதாப் பொட்டலத்துக்குள் கட்டிவைத்தது மாதிரி இருக்கும், பட்டைகள் மங்கிவிடும். ஒளி 1.6 மடங்கு கூடுதலாக வாங்கும் என்பது உண்மைதான், ஆனால் நிலாவுக்கும் வியாழனுக்கும் ஒளி ஒரு பஞ்சமே இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதைச் சொல்லாவிட்டால் குட்டைக் குழாய் வைத்திருக்கும் ஆட்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. 102க்கு 500 மாதிரிக் குழாய்கள் கிரகம் பார்க்கச் செய்யப்பட்டவையே அல்ல. ஊர் விளக்குகள் இல்லாத, கும்மிருட்டான இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், 20 அல்லது 25 மடங்கு உருப்பெருக்கத்தில் வானத்தை அகலமாக அள்ளிப் பார்ப்பதற்கு அவை அருமையான கருவிகள். கார்த்திகைக் கூட்டம் முழுதும் ஒரே பார்வையில் அடங்கும், இன்னும் இடம் மிச்சமிருக்கும். ஆண்ட்ரோமீடா மண்டலம் நீளமாகப் படர்ந்து தெரியும். பால்வீதியில் சும்மா குழாயை நகர்த்திக்கொண்டே போனால் நேரம் போவதே தெரியாது. அவ்வளவு குறைந்த உருப்பெருக்கத்தில், அதுவும் மங்கலான பொருள்களில், ஊதாக் கசிவு கண்ணுக்குப் படாது. பயணத்துக்குத் தோதான குட்டைக் குழாய், கனமும் குறைவு. ஆகவே உங்கள் முதல் ஆசை நட்சத்திரக் கூட்டங்களும் நெபுலாக்கள் என்ற விண்மேகங்களுமாக இருந்து, இருட்டான இடத்துக்கு அடிக்கடி போக வழியும் இருந்தால், பதிலைத் தலைகீழாக மாற்றிச் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் கேட்டது மாடியும் சனியும். விற்பவர் இந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் பெரியதை எடு என்கிறார் பாருங்கள், எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

மூன்றாவதுக்கு வருகிறேன். அப்போக்ரோமேட் என்ற சொல்லுக்கு முதலில் ஒழுங்கான பொருள் இருந்தது. எர்ன்ஸ்ட் அப்பே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1886இல் நுண்ணோக்கிக்காக அப்படி ஒரு லென்ஸ் வரிசையைக் கொண்டுவந்தார், மூன்று நிறங்களை ஒரே இடத்தில் குவிக்க வேண்டும் என்பது அடிப்படை. இன்றைக்குப் பெட்டியில் ‘அப்போ’ என்று அச்சடிக்க யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, கேட்பாரும் இல்லை. ஈ.டி. என்றால் நிறத்தைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடி ஒன்று உள்ளே இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தக் கண்ணாடி எஃப்.பி.எல். 51 என்ற வகையா, 53 என்ற வகையா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 53 உயர்ந்த வகை, குட்டைக் குழாயில் அதன் பலன் நன்றாகவே தெரியும். 51 போட்ட குட்டை இரட்டை லென்ஸில் வெள்ளிக் கிரகத்தைப் பார்த்தால் கொஞ்சம் ஊதா எட்டிப்பார்க்கும். விற்பவரிடம் உள்ளே என்ன கண்ணாடி என்று கேளுங்கள். “உயர்தர ஈ.டி. சார்” என்று மட்டும் பதில் வந்தால், அவருக்குத் தெரியாது அல்லது சொல்ல விருப்பமில்லை, இரண்டில் எதுவானாலும் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

நல்ல கண்ணாடியாகவே இருந்தாலும், வெறும் கண்ணால் பார்க்க மட்டும் பல மடங்கு விலை கொடுப்பது உங்களுக்கு இப்போது தேவையில்லை. 80 மி.மீ. என்பது 80 மி.மீ.தான், அதன் நுணுக்கம் பார்க்கும் திறன் சுமார் ஒன்றரை விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு), ஸ்டிக்கர் ஒட்டினால் அது கூடாது. பிற்காலத்தில் கேமரா மாட்டி நெபுலாக்களைப் படமெடுக்கும் ஆசை வந்தால் அப்போது ஈ.டி. பக்கம் போகலாம். மூன்று லென்ஸ், நாலு லென்ஸ் என்று போகிற வகைகளெல்லாம் அந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு.

அடுத்து அந்த 300 மடங்கு. மி.மீ. கணக்கில் விட்டத்தை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம், அதுவும் காற்று அமைதியாக இருக்கும் இரவில். 102க்கு 204, 80க்கு 160. அதற்கு மேல் போனால் மங்கலைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். பெட்டியில் உருப்பெருக்கத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை, குழாயின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் (ஐபீஸ்) மேல் போட்டிருக்கும் மி.மீ. எண்ணால் வகுத்தால் போதும். உங்கள் 900இல் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 36 மடங்கு, முழு நிலாவும் அடங்கும், சனியின் வளையம் வளையமாகவே தெரியும். 10 மி.மீ. போட்டால் 90 மடங்கு, வியாழனின் இரண்டு பட்டைகள், 1610இல் கலிலியோ பார்த்த அந்த நாலு துணைக்கோள்கள். இந்த இரண்டு ஐபீஸ்களும் போதும். கூட இலவசமாக வரும் 4 மி.மீ.யும் உருப்பெருக்கத்தைக் கூட்டும் பிளாஸ்டிக் பார்லோ லென்ஸும் பெட்டியிலேயே தூங்கட்டும்.

சொன்ன விட்டம் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவுக் கருவிகளில் லென்ஸின் விளிம்புக் குறையை மறைக்கக் குழாய்க்குள்ளே ஒரு வளையத்தை வைத்து வழியைச் சுருக்கிவிடுவார்கள், வெளியே 70 என்று போட்டிருக்கும், உள்ளே 50தான் வேலை செய்யும். என்னிடம் ஒருவர் கொண்டுவந்ததில் இதைக் கண்டுபிடித்து, விற்ற இடத்தில் போய்க் கேட்கச் சொன்னேன், “லென்ஸ் 70தானே சார், அளந்து பாருங்கள்” என்றார்களாம். சோதிப்பது சுலபம்: ஐபீஸ் மாட்டி, தூரத்துப் பொருளுக்குத் தெளிவாக வைத்துவிட்டு, இருட்டறையில் ஐபீஸுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி டார்ச் அடியுங்கள். முன்பக்க லென்ஸை ஒட்டி வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, அதில் விழும் வெளிச்ச வட்டத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். 80க்கு 80 வர வேண்டும். அதற்கு முன், முன்மூடி முழுவதும் கழன்றிருக்கிறதா பாருங்கள். நடுவில் இருக்கும் சின்ன மூடியை மட்டும் கழற்றிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று மாதக்கணக்கில் புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

பெட்டிக்குள் ‘சன்’ என்று எழுதிய, ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரலாம். அதை இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவித்த வெயில் முழுதும் அதன்மேல் விழுந்து, சூட்டில் விரிசல் விட்டால், அந்த நொடியில் கண் போய்விடும். குழந்தை இருக்கும் வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சூரியனைப் பார்ப்பதென்றால் அதற்கென்றே செய்த, குழாயின் முன்வாய் முழுவதையும் மூடும் ஃபில்டர் வேண்டும், பக்கத்துச் சின்னத் தேடுகுழாயையும் மூடியாக வேண்டும். இந்தக் கறுப்புக் கண்ணாடியை இன்னும் விற்க விடுகிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

முக்காலி. நீளக் குழாயின் ஒரே பலவீனம் இதுதான். 90 மடங்கில் பார்க்கும்போது தாங்கியின் ஆட்டமும் 90 மடங்காகும். குழாயை லேசாகத் தட்டுங்கள், இரண்டு மூன்று விநாடிக்குள் பிம்பம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் முக்காலியின் கால்களை நீட்டாமல் வைத்து, உட்கார்ந்து பார்க்கலாம், நடுத்தட்டில் கனமான பையைத் தொங்கவிடலாம். அப்போதும் ஆடினால் தாங்கியை மாற்றுங்கள். மேலும் கீழும் இடமும் வலமும் நகரும் எளிய வகையே போதும், மெதுவாகத் திருக இரண்டு குமிழ் இருந்தால் பத்து வயதுக் குழந்தையே சனியைத் துரத்திப் பிடிக்கும்.

கடைசியாக அந்த இடம் வலம். பழுதெல்லாம் இல்லை. குழாயின் கடைசியில் 90 டிகிரிக்கு மடக்கும் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறதே, அது செய்கிற வேலை அது. வானத்தில் எது இடம், எது வலம், யாருக்கு என்ன கஷ்டம்? இதைச் சரிசெய்ய என்று 45 டிகிரி நேர்ப்பிம்பப் பட்டகம் ஒன்றை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது பகலில் பறவை பார்க்க உதவும். இரவில் பிரகாசமான கிரகத்தின் குறுக்கே ஒளிக்கோடு ஒன்றை இழுத்துவிடும், தலைக்கு மேலே பார்க்கக் கழுத்தையும் ஒடித்துக்கொள்ள வேண்டும். வாங்காதீர்கள். நிலாப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மகள் ஆசைப்பட்டால், செல்போனில் படத்தை இடம் வலமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.