பழைய கார் என்ஜினில் டிக் டிக் சத்தம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 2003 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். ஐடிலிங்கில் டிக் டிக் என்று தட்டுகிறது. டேப்பெட் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பதில்: அவர் சொல்வது சரியாக இருக்கலாம். வால்வை அழுத்தித் திறக்கும் கைதான் ராக்கர்; இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஸ்க்ரூவால் வைப்பதைத்தான் டேப்பெட் என்கிறோம். இடைவெளி கூடினால் தட்டும். ஆனால் முதலில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே மேலே ராக்கர் தட்ட ஆரம்பிக்கும். ஆயில் சரியென்றால் சத்தத்தின் வேகத்தைக் கவனியுங்கள். என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான். 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஒரு வால்வு நொடிக்கு ஆறேழு முறை தட்டும். சத்தம் அந்த வேகத்தில் வந்தால் டேப்பெட்டாக இருக்கலாம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை டேப்பெட் கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து மூன்று சிலிண்டருக்கும் மேலே கேளுங்கள். ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று கேட்கும். ஃபேனும் பெல்ட்டும் பக்கத்திலேயே ஓடும், துண்டும் தொங்கும் சட்டையும் வேண்டாம்.

கேள்வி: காலையில் மட்டும் சத்தம், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது.

பதில்: என்ஜினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சேரும் இடத்தில் உள்ள கேஸ்கெட்டைப் பாருங்கள். அது லீக் ஆனாலும் டிக் டிக் என்றுதான் கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபடும், சத்தமும் போய்விடும். லீக் ஆகும் இடத்தில் கருப்பாகக் கரி படிந்திருக்கும். அந்தப் புகை காருக்குள் வரக்கூடாது, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: சார், என் ஆம்னி கேஸில் ஓடுகிறது. முன்பு இருந்த டேப்பெட் சத்தம் தானாகவே நின்றுவிட்டது. ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறது.

பதில்: சத்தம் நின்றதுதான் எனக்குக் கவலை. கேஸில் ஓடும்போது வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் வளையம், தேயும். தேயத் தேய வால்வு மேலே ஏறி, ராக்கருக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் சீட் வழியாகத்தான் இறங்க வேண்டும். சீட்டில் படியாத வால்வு கருகிவிடும். எனக்கே நடந்தது. ஓரிடத்தில் 'சத்தமே வராது சார்' என்று டேப்பெட்டை இறுக்கிக் கொடுத்தார்கள், நானும் சந்தோஷமாக ஓட்டினேன். சில மாதத்தில் இழுவை போய் ஹெட்டைக் கழற்றினால், எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எலி கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. லேசாகத் தட்டும் டேப்பெட் பிழைத்துக்கொள்ளும், இறுகிய டேப்பெட் பிழைக்காது. உடனே இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள், கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்குமா?

பதில்: கொஞ்சம் அடங்கும், வேண்டாம். காலையில் மேலே ஏற நேரமாகும், அதுவரை கேம் காய்ந்து ஓடும்.

கேள்வி: டிக் டிக் இல்லை, கீழேயிருந்து டொக் டொக் என்று கனமாக வருகிறது. ஆயில் லைட்டும் மினுக்குகிறது.

பதில்: ஓட்டவே ஓட்டாதீர்கள். பேரிங்காக இருக்கலாம். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: டேப்பெட்டை நானே வைக்கலாமா?

பதில்: தாராளமாக. இரவு முழுக்க ஆறிய என்ஜினில் வையுங்கள். அளவை உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள், இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் வேறுபடலாம். நீங்கள் வைக்கும் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடிய நிலையில் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, நுழையுங்கள். கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து தாளை உருவுவது போல லேசாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு கேஜை இன்னொரு முறை விட்டுப் பாருங்கள்.