நெகட்டிவ் ரத்தம், வயிற்றில் அடி: ஊசிக்கு அடுத்த வாரம் வரை பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு முதல் கர்ப்பம், இது 27-வது வாரம். என் ரத்தம் பி நெகட்டிவ், கணவருக்கு ஓ பாசிட்டிவ். ஞாயிறு மாலை குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வாஷ்பேசின் விளிம்பு வயிற்றில் இடித்துவிட்டது. ரத்தப்போக்கு இல்லை. ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். டாக்டர் ஒரு ஊசி எழுதியிருக்கிறார். "தலைப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் எப்படியும் 28-வது வார ஊசி இருக்கிறதே, அப்போது போட்டுக்கலாம்" என்கிறார் அத்தை. குழந்தையின் ரத்தம் எனக்குள் எப்படி வரும்? அதற்கு ரத்தம் குறைந்தால் எப்படித் தெரியும்? வயிற்றில் இருக்கும்போதே ஏற்ற முடியுமா?
(வாசகி, தருமபுரி)

பதில்: உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்ததுமே, "இன்றைக்கே போய் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா" என்று போனில் சொல்லிவிட்டேன். இதே குழப்பத்தோடு இருக்கும் மற்றவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

நஞ்சுக்கொடிக்குள் உங்கள் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒன்றாகக் கலந்து ஓடுவதில்லை. நடுவில் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் வழியாகத்தான் ஆக்சிஜனும் சத்தும் கடக்கின்றன. வயிற்றில் அடிபட்டாலோ, நஞ்சுக்கொடி கொஞ்சம் பிரிந்தாலோ, கரு கலைந்தாலோ, பிரசவத்தின்போதோ அந்தச் சவ்வு ஆங்காங்கே கிழிந்து குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் சேர்ந்துவிடும். வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாமல், வலியே இல்லாமல் இது நடக்கலாம். "ரத்தப்போக்கு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்திதான், ஆனால் கசிவு இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி. பாசிட்டிவ் ரத்தத்தில் 'டி' என்றொரு புரதம் உண்டு, உங்கள் ரத்தத்தில் அது கிடையாது. அதை முதல்முறை சந்திக்கும்போது உங்கள் உடம்பு எதிர்ப்பொருள் (ஆன்ட்டிபாடி) தயாரிக்கப் பல வாரங்கள் எடுத்துக்கொள்ளும். முதலில் வருபவை உருவத்தில் பெரியவை, நஞ்சுக்கொடியைத் தாண்ட முடியாதவை. அதனால்தான் தலைப்பிள்ளை பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் உடம்பு அதை மறப்பதில்லை. அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால், சிறிய எதிர்ப்பொருட்கள் வேகமாக உருவாகி, நஞ்சுக்கொடியைக் கடந்துபோய் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். சோகை, கடும் மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் நீர் கோர்ப்பது, வயிற்றிலேயே இறப்பு என்று அது எதுவரையும் போகும். முதல் கர்ப்பம் இரண்டாம் மாதத்திலேயே கலைந்தது, ஊசி எதுவும் போடவில்லை என்று சொல்லிக்கொண்டு, இந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ் ஆன ரிப்போர்ட்டோடு எதிரில் உட்காரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது. அந்த நிலையில் இந்த ஊசியால் பலனில்லை.

அந்த ஊசிதான் ஆன்ட்டி-டி. எதிர்ப்பொருளையே வெளியிலிருந்து கொடுக்கிறோம். கசிந்து வந்த குழந்தையின் அணுக்களை, உங்கள் உடம்பு அடையாளம் கண்டு பழகுவதற்கு முன்பே, அது துடைத்துவிடும். அடிபட்டு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது இதனால்தான். அந்தக் கெடு அடுத்த வாரம் வரை நமக்காகக் காத்திராது. தவறிப்போனவர்கள் விட்டுவிடாதீர்கள், பத்து நாள் வரைக்கும்கூட ஓரளவு பலன் உண்டு. இப்போது போட்டுக்கொண்டோம் என்று, வழக்கமாகப் போடும் 28-வது வார ஆன்ட்டி-டி ஊசியை நீங்களாகவே தவிர்க்கவும் வேண்டாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். இந்த மருந்து மனிதர்களின் பிளாஸ்மாவிலிருந்துதான் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954 முதல் 2018 வரை 1,100 தடவைக்கு மேல் ரத்தமும் பிளாஸ்மாவும் தானம் செய்தார். 2025-ல் காலமானார். அப்படிப்பட்டவர்கள் கை நீட்டியதால்தான் இது நமக்குக் கிடைக்கிறது.

300 மைக்ரோகிராம் ஊசி ஒன்று சுமார் 30 மி.லி. கசிவுக்குப் போதும். பிரசவத்தில்கூட அதற்கு மேல் கசிவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். பலமாக அடிபட்டிருந்தால் அளந்து பார்த்துவிடுவது நல்லது. கிளைஹவர் டெஸ்ட் என்று பெயர். உங்கள் கையிலிருந்து எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து அமிலத்தில் நனைப்பார்கள். பெரியவர்களின் ஹீமோகுளோபின் கரைந்துபோகும், குழந்தையுடையது கரையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உங்கள் அணுக்கள் வெளிறிய வளையங்களாகக் கிடக்கும். நடுவே அங்கொன்று இங்கொன்றாக ரோஜா நிறத்தில் குழந்தையின் அணுக்கள் தெரியும். அவற்றை எண்ணுவார்கள். நூற்றுக்கு ஒன்று இருந்தால் சுமார் 50 மி.லி. கசிந்திருக்கிறது என்று கணக்கு, ஒரு ஊசி போதாது. உங்களுக்குத் தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) மரபு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை தப்பாகக் கூடிக் காட்டலாம்.

அந்த 50 மி.லி. குழந்தைக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள். 27 வாரத்தில் அதன் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. உடம்பிலும் நஞ்சுக்கொடியிலும் சேர்த்து ஓடும் ரத்தமே 100 மி.லி.க்குச் சற்று அதிகம், ஒரு சின்ன காபி டம்ளர் அளவு. ஆகவே ரத்தம் பாசிட்டிவாக உள்ள கர்ப்பிணிகளும் இதைக் கவனிக்க வேண்டும்: அசைவு குறைந்தாலோ நின்றாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ, வலியோ ரத்தப்போக்கோ இருந்தாலோ, இரவு என்று பாராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். துடிப்பு இருக்கிறது என்று ஸ்கேனில் ஒருமுறை சொன்னது மட்டும் போதாது. சோகை இருந்தால் ரத்தம் நீர்த்து, மூளைக்குப் போகும் தமனியில் வழக்கத்தைவிட வேகமாக ஓடும். ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் அந்த வேகம் அந்த வாரத்துக்குரிய நடுத்தர அளவைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கவலைப்படுவோம்.

வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்ற முடியும். 1963-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் டாக்டர் லைலி கருவின் வயிற்றறைக்குள் ரத்தம் செலுத்திக் காட்டினார். இப்போது ஸ்கேனில் பார்த்தபடியே தாயின் வயிறு வழியாக ஊசியைச் செலுத்தி, தொப்புள்கொடி நஞ்சுக்கொடியோடு சேரும் இடத்தில் உள்ள சிரையில் ஏற்றுகிறோம். பொதுவாக ஓ நெகட்டிவ் ரத்தம்தான். தாயின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்து, கெட்டியாக்கி, கதிர்வீச்சு கொடுத்துப் பயன்படுத்துவோம். சென்னை போன்ற பெருநகரங்களில் இதற்கான கரு மருத்துவ மையங்கள் உள்ளன. 34 வாரம் நெருங்கிவிட்டால் பெரும்பாலும் பிரசவம் பார்த்துவிட்டு வெளியே ஏற்றுவோம்.

ஊசி போட்ட தேதியையும் அளவையும் தாய் சேய் நல அட்டையில் உடனே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போட்ட பிறகு சில வாரங்களுக்குக் கூம்ப்ஸ் டெஸ்ட் லேசாகப் பாசிட்டிவ் காட்டும். வேறு ஊரில் பிரசவத்துக்குப் போகிறீர்கள் என்றால், அந்தக் குறிப்பு இல்லாத டாக்டர் அதைப் பார்த்து, பிரசவத்துக்குப் பிறகு போட வேண்டிய ஊசி இனித் தேவையில்லை என்று நினைத்துவிடக்கூடும்.