நகையை அடகு வைக்கலாமா?

(அரசு மருத்துவமனையில் 27 ஆண்டுகள் பேச்சுப் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்)

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. 'அம்மா' என்றுகூட இன்னும் கூப்பிட்டதில்லை. மிக்ஸி மூடியைச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவருடைய நண்பர் ஒரு வீடியோ அனுப்பினார். வெளிமாநிலத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டு ஒரு பையன் பேச ஆரம்பித்துவிட்டானாம். போன் பண்ணினோம், மூன்றரை லட்சம் என்கிறார்கள். மாமியார் தன் நகையைத் தருகிறேன் என்கிறார். "வயசு ஏற ஏற பலன் குறையும், சீக்கிரம் வாங்க" என்று அங்கிருந்து தினமும் போன் வருகிறது. போகலாமா?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: வேண்டாம். மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரனுக்காகக் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடுக்கிறவரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்த ஊசி பெரும்பாலும் இப்படித்தான்: பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதில் ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூல செல்களைப் பிரித்து முதுகுத்தண்டில் ஏற்றுவார்கள். ஆட்டிசத்துக்கு இதனால் பலன் உண்டு என்று நிரூபணமாகவில்லை. இதைப் பரிந்துரைக்கக் கூடாது, விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுக்க மீறல் என்று 2022 டிசம்பரிலேயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இதைக் கொடுக்கவே கூடாது. ஆராய்ச்சி என்றால் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. மூன்றரை லட்சம் கேட்கிறார்கள் என்றால் அது ஆராய்ச்சியும் இல்லை, ஏற்கப்பட்ட சிகிச்சையும் இல்லை.

"அப்போ வீடியோவில் அந்தப் பையன் பேசுகிறானே?" என்பீர்கள். பேசியிருப்பான். அந்தப் பெற்றோர் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஏனென்றால் அதே தப்பை நானே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹெட்போன் பயிற்சி ஒன்று பிரபலமாக இருந்தது. வடிகட்டிய இசையை அரை மணி நேரம், நாளுக்கு இரண்டு வேளை, பத்து நாள் கேட்க வைப்பார்கள். தனியாரிடம் அதற்கு ஒரு பையனை நான்தான் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து வந்தவன் என் மேஜை மணியைக் காட்டி "தா" என்றான். போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். அந்த ஹெட்போனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பின்னால்தான் படித்தேன். பையனின் பழைய நோட்டைப் புரட்டினால், அதே மாதம் பால்வாடியில் சேர்ந்திருக்கிறான். அவன் பாட்டியைக் கேட்டால், வசம்பு உரசி நாக்கில் தடவியதால்தான் பேச்சு வந்தது என்பார். பேச்சு வர வேண்டிக்கொள்ளும் திருக்கோலக்கா கோயிலுக்கு நேர்ந்துகொண்டதால் என்று தாத்தா சொல்வார். எனக்கும் பாட்டிக்கும் அப்போது ஒரு வித்தியாசமும் இல்லை, எனக்கு வெள்ளைக் கோட்டு இருந்தது, அவ்வளவுதான்.

பேச்சு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு: ஒப்பிட்டுப் பார்ப்பது. 1998இல் அமெரிக்காவில் செக்ரடின் என்ற ஜீரண ஹார்மோனை ஊசியாகப் போட்டதும் ஆட்டிசக் குழந்தைகள் தேறினார்கள் என்று மூன்று பிள்ளைகளை வைத்துச் செய்தி பரவியது. பெற்றோர் வரிசை கட்டினார்கள். மறுவருடம் முறையாகச் சோதித்தார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் செக்ரடின், பாதிக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. உப்புநீர் போட்ட குழந்தைகளும் அதே அளவு தேறினார்கள்! பிள்ளை வளர்கிறான், நாமும் நம்பிக்கையோடு பார்க்கிறோம், சின்ன மாற்றமும் கண்ணில் படுகிறது. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் செக்ரடினில் ஆர்வம் குறையவில்லை என்றார்களாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆகவே அடுத்த முறை போன் வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஊசி போடாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?"

சரி, எதுதான் வேலை செய்கிறது? கேட்டால் சப்பென்று இருக்கும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2016இல் வெளியானது. டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 முறை பெற்றோரோடு உட்கார்ந்தார்கள். அம்மா பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்து அவரிடமே போட்டுக் காட்டினார்கள். "பாருங்க, இங்க அவன் உங்களைப் பார்த்தான், நீங்க கவனிக்கலை." அவ்வளவுதான். ஆட்டிசம் போய்விடவில்லை. ஆனால் குழந்தைகள் தாங்களாக அம்மாவை நாடுவது கூடியது. ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் மகன் மிக்ஸி மூடியைச் சுற்றும்போது பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு மூடியைச் சுற்றுங்கள். "சுத்துது... நின்னுருச்சு!" போதும், கேள்வி கேட்காதீர்கள். அவன் ஒரு நொடி உங்களைப் பார்த்தால், மறுபடி சுற்றுங்கள். வேண்டியதைப் பட அட்டையைக் காட்டிக் கேட்கவும் அவனைப் பழக்குங்கள். அட்டை பழகினால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள், அப்படியில்லை.

காது டெஸ்ட், பெரா (ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. எடுக்காவிட்டால் இந்த வாரமே எடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்கிற, குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையத்தைக் கேளுங்கள். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள். நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் வரை கிடைக்கும், பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். அலைச்சல்தான், மறுக்கவில்லை.

கேள்வி: கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் குறையுமாமே?
- ஒரு தாத்தா, திண்டுக்கல்

பதில்: உறுதியான ஆதாரம் இல்லை, ஐயா. பேரன் என்ன சாப்பிடுகிறான் என்று முதலில் எழுதுங்கள். என்னிடம் வந்த பல பிள்ளைகள் தயிர்சாதமும் பிஸ்கட்டும் தவிர எதையும் தொடமாட்டார்கள். இரண்டையும் நிறுத்தினால் அவன் பட்டினிதான் கிடப்பான். வயிற்று உபாதை இருந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயம்.