செருப்பு ரப்பரும் ஓட்டிஸ் ரெடிங்கும்

அன்புள்ள சார்,

மிச்சிகனில் வேலை பார்க்கிறேன். மனைவியும் குழந்தையும் மூன்று மாதமாக ஊரில். ராத்திரி வீடு வெறிச்சென்று கிடக்கிறதே என்று அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் பாட்டுகள் கேட்க ஆரம்பித்தேன். ஓட்டிஸ் ரெடிங், அரீத்தா ஃபிராங்க்ளின், அல் கிரீன். இப்போது ரெக்கார்டு பிளேயரே வாங்கிவிட்டேன். நல்ல ஒலித்தரமுள்ள தட்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் காலத்து அச்சா, இப்போது வரும் 180 கிராம் எடையுள்ள கனமான மறுபதிப்பா? பிளேயரையும் மாற்ற வேண்டுமா? (என் பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

பிளேயரை மாற்ற வேண்டாம். ஊசி தேய்ந்திருந்தால் ஊசியை மாற்றுங்கள். 180 கிராம் விஷயத்தை விடுங்கள், எடை பார்த்து வாங்க அது என்ன புளியா?

மிச்சிகனில் இருக்கிறீர்கள். டெட்ராய்ட்டில், வெஸ்ட் கிராண்ட் புலவார்டில், மோட்டௌன் என்ற சோல் இசைக் கம்பெனியின் பாட்டுகள் பதிவான வீடு இன்று அருங்காட்சியகம். போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கார் ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று பார்க்க அங்கே ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுத்தான் பாட்டை முடிவு செய்வார்கள். ‘ஒலித்தரம்’ என்று எழுதும் முன் இதையாவது தெரிந்துகொண்டிருக்கலாம்.

சரி, கோபம் போதும். ராத்திரி வெறும் வீடு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எங்கள் சித்தி ஞாபகம் வந்தது.

சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடி வீட்டுக்கு ஒரு பெட்டி பிளேயரும், பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள நாலைந்து சிங்கிள் தட்டும் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் இந்த அமெரிக்கத் தட்டுக்கு நடுவில் ஒன்றரை அங்குல ஓட்டை. பிளேயரில் இருப்பதோ பென்சில் மாதிரி கம்பி. ஓட்டையை அடைக்கும் வட்ட வில்லை கையில் இல்லை. சித்தப்பா பழைய ஹவாய் செருப்பை பிளேடால் வட்டமாக வெட்டி, நடுவில் ஆணியைக் காய்ச்சிக் குத்தினார். துளை மயிரிழை தள்ளிப் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓட்டிஸ் ரெடிங் குரல் லேசாக ஏறி இறங்கும், தொட்டில் ஆடுகிற மாதிரி. சித்தப்பா கப்பலுக்குப் போனதும் ராத்திரி சித்தி அதைப் போட்டு உட்கார்ந்திருப்பார். “என்ன பாடுறான்?” என்று முன்பு கேட்டபோது சித்தப்பா சொன்ன பதில்: “ரொம்ப நாளாச்சாம், விட முடியலையாம்.”

‘ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்’தான் அது.

பல வருடம் கழித்து அதே பாட்டுக்காக ‘ஓட்டிஸ் ப்ளூ’ ஆல்பத்தை ஸ்டீரியோ எல்பியாக, அதாவது பல பாட்டு உள்ள பெரிய தட்டாக, வாங்கினேன். கீறலே இல்லாத தட்டு, விலையும் கொள்ளை. போட்டால் நான் கேட்ட பாட்டு மாதிரியே இல்லை. செருப்பு ரப்பர் என் காதைக் கெடுத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பாட்டே வேறு. சிங்கிள் 1965 ஏப்ரலில் மோனோவில், அதாவது இடது வலது என்று பிரியாத ஒரே ஒலியாக, பதிவானது. அந்த ஜூலையில் மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் ஆல்பத்தை ஒரு பகல் ஒரு ராத்திரிக்குள் முடித்தபோது, ஸ்டீரியோ தட்டுக்காக அதே பாட்டை மறுபடி பாடினார். மோனோ எல்பியில் இருப்பது ஏப்ரல் பாட்டு.

இதனால்தான் மோனோ, மோனோ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்துகிறேன். ஸ்டாக்ஸ் ஒரு பழைய சினிமாக் கொட்டகை, தரைகூடச் சரிவுதான். எல்லாரும் ஒரே அறையில் நின்று ஒரே நேரத்தில் வாசித்தார்கள். டிரம்ஸ் அடி கொம்பு வாத்தியத்தின் மைக்கிலும் விழும், பாடுகிறவர் மைக்கிலும் விழும். அப்படிக் கலந்து கிடப்பதுதான் அந்தச் சத்தம். அதை இடது வலது என்று பாகப்பிரிவினை செய்தால் அண்ணன் தம்பி ஒரு வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பின மாதிரி இருக்கிறது, என் காதுக்கு. அதைவிட மோசம், மோனோவை மின்னணு முறையில் ஸ்டீரியோ ஆக்கியதாக அட்டையில் பொடி எழுத்தில் போட்டு வரும் தட்டுகள். ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1968 வாக்கில் அமெரிக்காவில் மோனோ எல்பிகள் நின்றுபோயின. அதனால் அதற்கு முந்தைய பாட்டு என்றால் மோனோ அச்சையோ சிங்கிளையோ தேடுங்கள். அல் கிரீன் எழுபதுகளின் ஆள், அவருக்கு ஸ்டீரியோவே சரி.

சிங்கிள் வாங்கும்போது ஒன்று. சில ஆலைகள் வழக்கமான வினைலில் அச்சடிக்காமல் பாலிஸ்டைரீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கில் வார்த்தன. தேய்ந்த ஊசி பட்டிருந்தால் ‘ஸ’ வருகிற இடமெல்லாம் இரையும், எவ்வளவு கழுவினாலும் போகாது. வெளிச்சத்தில் பார்த்து ஏமாறாமல், போட்டுக் கேட்டு வாங்குங்கள்.

சித்தியிடம் அந்தத் தட்டு இன்னும் இருக்கிறது, ரப்பரோடு. போன வருஷம் நல்ல வில்லை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு தடவை கேட்டுவிட்டு, “இது ஆடவே மாட்டேங்குதே” என்று கழற்றி வைத்துவிட்டார்.

வீட்டில் ஊரிலிருந்து வந்ததும் அவர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பட்டன் இருந்தால் அமுக்குங்கள், பாதிக் கரகரப்பு அதிலேயே போய்விடும்.