விரல் மரத்துப்போகிறது, வாசகர்கள் அடுத்த பக்கம் கேட்கிறார்கள்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக இணையத்தில் ஒரு தொடர் படக்கதை வெளியிட்டு வருகிறேன். எழுத்து, படம், வண்ணம், பேச்சுக்குமிழ் எல்லாம் நான் ஒருத்திதான். பகலில் அலுவலக வேலை. வாரத்துக்கு இரண்டு பக்கம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பதினான்கு மணி நேரம் ஆகிறது. கதையை யாரும் இலவசமாகப் படிக்கலாம். 260 பேர் மாதாமாதம் பணம் தந்து ஆதரிக்கிறார்கள். அவர்களில் அதிகம் தரும் 40 பேருக்கு மாதம் ஒரு கோட்டோவியம் வரைந்து அனுப்புகிறேன், ஒவ்வொன்றுக்கும் அரை மணி. இரண்டு மாதமாக மணிக்கட்டில் வலி. இரவில் கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றன. மூன்று வாரமாகப் பக்கம் போடவில்லை. "அடுத்தது எப்போது?" என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். ஒரேயடியாக நிறுத்தினால், கதையை வாசகர்களுக்குக் காட்டும் செயலி என்னை மறந்துவிடும் என்று பயம்.

இன்னொன்று. மூன்றாம் பக்கத்திலிருந்தே படித்துவரும் வாசகி ஒருவர் இருக்கிறார். ரசிகர் குழுவை மூன்று வருடமாக நடத்துவது அவர்தான். எந்தப் பாத்திரத்துக்கு எந்தக் கையில் தழும்பு என்பதுகூட என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த அத்தியாயத்தின் முன்வரைவை அவரிடம் காட்டினேன். அதில் முக்கியமான ஒருவன் இறந்துபோகிறான். "இதை வெளியிட்டால் நான் போய்விடுவேன், என்னோடு பலர் வருவார்கள். உங்களை வளர்த்தது நாங்கள்" என்று எழுதியிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைய வந்துவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

முதலில் விரல். நீங்கள் சொல்லும் அதே மூன்று விரல்கள் இரவில் மரத்துப்போவது வெறும் களைப்பு மாதிரித் தெரியவில்லை. மணிக்கட்டின் குறுகலான பாதை வழியாக உள்ளங்கைக்குப் போகும் மீடியன் நரம்பு நெருக்கப்பட்டால் அந்த விரல்களில்தான் தெரியும். 'கார்ப்பல் டனல்' என்பார்கள். உங்களுக்கு வந்திருப்பது அதுதானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. இந்த வாரமே போங்கள். சீக்கிரம் கவனித்தால் ஓய்வும் இரவில் கட்டிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டையுமே பலருக்குப் போதும். இழுத்தடித்தால் கட்டைவிரலின் அடித்தசை மெலிந்து பிடிமானமே குறையலாம். வலிமாத்திரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தை முடிக்கும் பழக்கம் இருந்தால் (வரைகிறவர்களில் அது இல்லாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை) இன்றோடு விட்டுவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. வாரம் 28 மணி நேரம் பக்கங்களுக்கு, மாதம் 20 மணி நேரம் அந்த நாற்பது ஓவியங்களுக்கு. கூட்டினால் மாதம் 140 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அலுவலகம் போக மிச்ச நேரத்தில் இன்னொரு முழுநேர வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். செய்திகளுக்குப் பதில் எழுதும் நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. வாசகர்கள் அவசரப்படுத்துவதால்தான் கை வலிக்கிறது என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் நீங்கள் சொன்னதைத்தான் கேட்கிறார்கள். வாரம் இரண்டு என்று யார் சொன்னது?

அந்தக் கோட்டோவியங்களைத்தான் முதலில் வெட்டுவேன். ஒரு பக்கம் வரைந்தால் எல்லாரும் படிக்கிறார்கள், அடுத்த வருடம் வருகிறவரும் படிப்பார். கோட்டோவியத்தை ஒருவர் பார்க்கிறார். அந்த 20 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம் வந்திருக்கும். நானும் இந்தத் தவற்றைச் செய்தவன். படம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், "இந்த மாதம் சேரும் ஒவ்வொருவருக்கும் கையால் வரைந்த அட்டை" என்று ஒரு உற்சாகத்தில் அறிவித்துவிட்டேன். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள் என்று நினைத்தேன். தொண்ணூறு பேர் வந்தார்கள். வரைந்து முடிக்கப் பதினொரு மாதம். கடைசி அட்டையோடு ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதமும் வைத்தேன். "எதற்கு மன்னிப்பு? நான் மறந்தே போய்விட்டேனே, கதை ஏன் நின்றுபோச்சு?" என்று பதில் வந்தது. அட்டைக்காகத்தான் கதையை நிறுத்தியிருந்தேன்.

பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ரிச் பர்லு என்பவர் குச்சி மனிதர்களை வைத்து ஒரு நெடுங்கதை வரைகிறார். 2012-இல் பழைய தொகுதிகளை மறுபதிப்புச் செய்ய, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 57,750 டாலர் கேட்டார். கிட்டத்தட்ட 15,000 பேர் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். தொகை ஏற ஏற, கூடுதல் கதை, கூடுதல் பரிசு என்று வாக்குறுதியும் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் உடைந்த கண்ணாடி அவர் வரையும் கையின் கட்டைவிரலை ஆழமாக வெட்டிவிட்டது. கதை மாதக்கணக்கில் நின்றது. பரிசுக் கதைகளை முடிப்பது ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆனால் அவர் திரும்பி வந்தபோது வாசகர்கள் இருந்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்கு அவர் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

நீங்கள் மூன்று வாரமாக ஒன்றும் சொல்லவில்லை. தினமும் கேள்வி வருவதற்கு அதுதான் காரணம். இன்றே மூன்று வரி எழுதிப் போடுங்கள்: "வரையும் கையில் பிரச்சினை, மருத்துவரைப் பார்க்கிறேன். அதனால் கதைக்கு இடைவேளை. எட்டுப் பக்கம் வரைந்து கையில் வைத்துக்கொண்ட பிறகு திரும்பி வரும் தேதியைச் சொல்கிறேன்." நூறு மன்னிப்பு வேண்டாம், தேதியும் வேண்டாம். தேதி சொல்லித் தவறவிட்டால் இரண்டாவது அறிவிப்பு எழுத வேண்டிவரும், அதை எழுதத்தான் கை வராது; என் அனுபவம். மருத்துவ விவரமெல்லாம் யாருக்கும் தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: இடைவேளை மாதங்களில் 260 பேரிடமும் பணம் எடுக்காதீர்கள். மாத வசூலை நிறுத்திவைக்கும் வசதி, ஆதரவாளர்கள் கலைஞர்களுக்குப் பணம் அனுப்பும் பேட்ரியான் போன்ற தளங்களில் உண்டு. "பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். அன்புதான், ஆனாலும் நிறுத்துங்கள். இலவசமாகப் படிப்பவருக்கு நீங்கள் தர வேண்டியது ஒரு தகவல். பணம் தருபவருக்கு, சொன்ன பொருள் அல்லது பணம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் எல்லாருக்கும் கடன்பட்டதுபோல் உணர்கிறீர்கள்.

அந்த எட்டுப் பக்கத்தைப் பற்றி. வரைகிறவர்கள் இதைப் 'பஃபர்' என்பார்கள், கையிருப்புப் பக்கங்கள். ஹோவர்ட் டெய்லர் 2000 ஜூனிலிருந்து 2020 ஜூலை வரை, இருபது ஆண்டுகள், ஒரு நாள்கூட விடாமல் தினமும் தன் விண்வெளிக் கதையை வெளியிட்டார். அதற்காகத் தினமும் உட்கார்ந்து வரைந்தார் என்று அர்த்தமில்லை. முன்கூட்டியே வரைந்து சேர்த்துவைத்திருந்தார். முதல் நான்கு வருடம் மென்பொருள் நிறுவன வேலையும் கூடவே இருந்தது. 2004-இல்தான் வேலையை விட்டார். தொழில் பக்கத்தை அவர் மனைவி பார்த்துக்கொண்டார். அதாவது அது இரண்டு பேர் செய்த வேலை. அவரோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளும் இரவுகளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் வாரம் ஒரு பக்கம் போதும். கையிருப்பு நான்குக்குக் கீழே போனால் அந்த வாரம் வெளியீடு இல்லை என்று உங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

செயலி மறந்துவிடும் என்கிறீர்கள். ஆமாம், மறக்கும். அதற்கு ஞாபகம் இருப்பது நேற்று யார் பதிவிட்டார்கள் என்பது மட்டும்தான். அதனால்தான் வாசகரைச் சென்றடையும் ஒரு வழியாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். 2017 டிசம்பரில் பேட்ரியான் ஆதரவாளர்களிடம் ஒவ்வொரு தொகைக்கும் 2.9 விழுக்காடும் 35 சென்ட்டும் கூடுதலாக வாங்கப்போவதாக அறிவித்தது. மாதம் ஒரு டாலர் தருபவர் 1.38 டாலர் தர வேண்டும். பத்துக் கலைஞர்களுக்கு ஒவ்வொரு டாலராகப் பிரித்துத் தருபவர்களுக்குத்தான் பெரிய அடி. எதிர்ப்புக் கிளம்பி, ஒரு வாரத்துக்குள் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பல கலைஞர்கள் ஆதரவாளர்களை இழந்திருந்தார்கள். அந்தத் தளத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லவில்லை. கூடவே சொந்தமாக ஓர் இணையப் பக்கமும் மின்னஞ்சல் பட்டியலும் வையுங்கள். இடைவேளை அறிவிப்பிலேயே "புதிய பக்கம் வந்தால் சொல்கிறேன், மின்னஞ்சல் தாருங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். கையால் வரைய வேண்டாத வேலை இது, இப்போதே செய்யலாம்.

சரி, உங்கள் பழைய வாசகிக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது அவர்தான்.

அவர் எழுதியது மிரட்டல்தான். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மூன்று வருடமாக ரசிகர் குழுவை நடத்துகிறார். சண்டை போடுபவர்களை வெளியேற்றுகிறார், புதிதாக வருபவர்களுக்குக் கதை சொல்கிறார், நீங்கள் தழும்பைக் கை மாற்றி வரைந்தால் திருத்துகிறார். இதெல்லாம் வேலை. சம்பளம் கிடையாது, பெயரும் எங்கும் இல்லை. நீங்கள் தந்தது ஒன்றே ஒன்று, முன்வரைவைப் பார்க்கும் சலுகை. அந்தச் சலுகையை அவர் கூலியாக எடுத்துக்கொண்டார், காலப்போக்கில் பங்காக. பங்குதாரர் என்று நினைப்பவர் கணக்குக் கேட்பார்தானே? இதில் உங்கள் பங்கு அவருடையதைவிடக் குறைவில்லை.

எனவே கதையைப் பற்றி அவரிடம் வாதாடாதீர்கள். அவன் ஏன் சாக வேண்டும் என்று விளக்கத் தொடங்கினால், சரியான விளக்கம் இல்லையென்றால் சாகக் கூடாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வேலையைப் பற்றிப் பேசுங்கள். அவர் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி சொல்லுங்கள். கதையின் முகப்பில் பெயர் போடவா என்று கேளுங்கள். குழுவை நடத்துவது சுமையாக இருந்தால் இறக்கிவைக்கலாம், தொடர விருப்பமென்றால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து, மாதம் ஒரு சிறு தொகை வைத்துச் செய்யலாம் என்று சொல்லுங்கள். முடிவில் ஒரே வரி: "இனி முன்வரைவை யாரிடமும் காட்டப்போவதில்லை, உங்களிடமும்." அவருக்கு வலிக்கும். எல்லாரோடும் சேர்ந்து முதல்முறையாகப் படிக்கும் சுகத்தை அவர் இழந்து வெகுநாளாகிறது, அது திரும்பக் கிடைக்கும் என்பதையும் சொல்லிப் பார்க்கலாம். போய்விட்டால் போகட்டும். கெட்டவராகப் போகவில்லை, அன்பு அதிகமாகிப் போகிறார். குழுவின் நிர்வாகப் பொறுப்பில் நீங்களும் இருக்கிறீர்களா என்று மட்டும் கடிதம் எழுதுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். இது சந்தேகமல்ல, வீட்டுச் சாவியின் நகல் மாதிரி.

'பலர் வருவார்கள்' என்பதற்குப் பெரிய பொருள் இல்லை. குழுவில் தினமும் பேசுகிறவர்களின் பெயர்கள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும், இல்லையா? முப்பது, நாற்பது இருக்குமா? மற்றவர்கள் ஒரு வார்த்தை எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள். பணம் தருபவர்களிலேயே பாதிப் பேர் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இன்னொரு விஷயம்: அடுத்து என்ன நடக்கும் என்று வாசகர்கள் குழுவில் ஊகிப்பதைப் படிக்காதீர்கள். யாராவது சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் மாற்றத் தோன்றும். மாற்றிய கதை பெரும்பாலும் மோசமாகத்தான் வரும்.

வேலையை விடுவது பற்றிக் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். கை சரியாகாத நிலையில், வரைவதை மட்டுமே வருமானமாக்குவது எந்தக் கணக்கிலும் வராது. பிறகு யோசிக்கும்போது சராசரியை வைத்துப் பார்க்காதீர்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் மிகக் குறைவாக வந்த மாதம் எது? அந்தத் தொகையில் குடும்பம் ஓடுமா? ஓடும் என்றால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

பின்குறிப்பு: உங்கள் மூலக் கோப்புகள் என்ன அளவில் இருக்கின்றன? திரையில் நன்றாகத் தெரியும் பக்கம் அச்சில் மங்கிவிடும். குறைந்தது 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) வேண்டும், வெறும் கறுப்புக் கோடென்றால் 600. புத்தகம் கேட்டு வாசகர்கள் என்றாவது வரத்தான் போகிறார்கள். என் முதல் அறுபது பக்கங்களைச் சின்ன அளவில் சேமித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன். ஓய்வு மாதங்களில் கோப்புகளைத் திறந்து பார்த்து, இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். அதையும் இடது கையாலேயே செய்யலாம்.