ஆயிரம் பேப்பர் போட்ட துறை என்றால் மகளைச் சேர்த்துவிடலாமா?

வணக்கம் சார். நீங்கள் படமெடுத்து அனுப்பிய கல்லூரிக் கையேட்டைப் பார்த்தேன். நடுப்பக்கத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சி மையத்தின் கண்ணாடிக் கட்டடம், அதற்குக் கீழே கடந்த மூன்று வருடத்தில் வெளியான ஆய்வுக்கட்டுரைகள் என்று நான்கு இலக்கத்தில் ஓர் எண், பக்கத்திலேயே வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்று ஒரு வரி. இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிற இடம் நல்ல இடமாகத்தானே இருக்கும், கவுன்சிலிங்கில் கிடைக்கப்போகிற பழைய எய்டட் காலேஜை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் வங்கியில் இருந்தவர். ஒரு கிளை இந்த வருடம் இத்தனை ஆயிரம் கணக்கு திறந்தது என்று சொன்னால் உடனே கைதட்டிவிடுவீர்களா? எத்தனை கணக்கில் பணம் இருக்கிறது, எத்தனை ஜீரோ பேலன்ஸில் தூங்குகிறது என்றுதான் முதலில் கேட்பீர்கள். பேப்பர் எண்ணிக்கையும் அதே கதைதான், மேலே இருந்து டார்கெட் வருவது உட்பட. 2016 முதல் வருகிற, மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-இல் பொறியியல் கல்லூரிக்கு நூற்றுக்கு 30 பங்கு ஆராய்ச்சிக்குப் போகிறது. அதனால் வாத்தியார் ஒருவருக்கு வருடத்துக்கு இத்தனை பேப்பர் என்று கட்டாயம் வைக்கிற நிர்வாகங்கள் உண்டு. தேவை வந்துவிட்டால் கடை திறக்க ஆள் வராமலா போவார்கள்? காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடுகிற இதழ்கள் முளைத்தன. 2005-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர், கம்ப்யூட்டர் தானாகவே உளறிக்கொட்டிய ஒரு கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்ப, அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2023-ல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்த 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவையும் ஏதோ ஒரு கல்லூரிக் கையேட்டில் எண்ணிக்கையாக நின்றிருக்கும்.

இன்னொரு விஷயம், இது கம்ப்யூட்டர் சயின்ஸுக்கே உரியது. வேதியியல், உயிரியல் போன்ற துறைகளில் நல்ல ஆராய்ச்சி ஜர்னலில் வரும், மாநாடு என்றால் போய்ப் பேசிவிட்டு வருவது என்று பொருள். இங்கே பெரும்பாலும் தலைகீழ். முக்கியமான வேலை முதலில் மாநாட்டில்தான் வருகிறது, அங்கே இடம் கிடைப்பதே பெரும்பாடு. மெஷின் லேர்னிங் என்றால் நியூரிப்ஸ், ஐ.சி.எம்.எல்., மொழித் தொழில்நுட்பம் என்றால் ஏ.சி.எல்., கணிப்பியல் கோட்பாடு என்றால் ஸ்டாக், ஃபாக்ஸ். ஆனால் சர்வதேச மாநாடு என்ற பெயரில் நம் ஊர் கல்லூரி ஆடிட்டோரியத்திலேயே நடந்து, பதிவுக் கட்டணம் கட்டிய எல்லோருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் உண்டு. கையேட்டில் இரண்டும் ஒரே எண்ணில்தான் கலந்து கிடக்கும்.

சரி, நீங்களே எப்படிப் பார்ப்பது? டி.பி.எல்.பி. என்று ஒரு தளம் இருக்கிறது. ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் தொடங்கியது, கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டுரைகளுக்கென்றே வைத்திருக்கிற பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள், இலவசம். கல்லூரி இணையதளத்தில் அந்தத் துறையின் ஆசிரியர் பட்டியல் இருக்கும், அதிலிருந்து ஐந்து பெயரை எடுத்து ஒவ்வொன்றாகத் தேடுங்கள். மாநாட்டுக் கட்டுரைக்குப் பக்கத்தில் நீல அடையாளம், ஜர்னலுக்குச் சிவப்பு, மதிப்பீட்டுக்குப் போகாமல் நேரடியாக இணையத்தில் ஏற்றியதற்குச் சாம்பல். நிறத்தை விட்டுவிட்டு இதழ், மாநாட்டின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் சில வருடங்களாகத் திரும்பத் திரும்ப, ஒரே பிரச்சினையைத் துரத்திக்கொண்டு வந்தால் நல்ல அறிகுறி. ஒரே ஆள் ஒரே வருடத்தில் மூளைப் புற்றுநோய் ஸ்கேன், தக்காளி இலை நோய், பங்குச்சந்தை, போக்குவரத்து நெரிசல் என்று எல்லாவற்றிலும் எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கூட எழுதியவர்களில் மாணவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எண்ணிக்கை ஏன் ஏமாற்றும் என்பதற்கு நான் எப்போதும் சொல்கிற கதை கான்பூர் ஐஐடி கதைதான். ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை, எண் எவ்வளவு பெரிதானாலும் நியாயமான நேரத்துக்குள், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட ஒரு வழி உண்டா என்பது வெகுகாலமாகத் தீராமல் கிடந்த கேள்வி. 2002 ஆகஸ்டில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் உண்டு என்று காட்டினார்கள். கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்தவர்கள், அந்த வேலைக்கு விதை விழுந்ததே அவர்களுடைய பி.டெக். புராஜெக்டில். முதலில் சுற்றுக்கு விட்ட கட்டுரை ஒன்பதே பக்கம். 2006-ல் கணிப்பியல் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு வந்தது. எண்ணிக்கைக் கணக்கில் அது ஒன்றே ஒன்று!

பேப்பர் மட்டும்தான் ஆராய்ச்சியின் விளைச்சல் என்றும் இல்லை. சென்னை ஐஐடியின் சக்தி புராசஸர், அங்கேயே இயங்கும் ஏஐ4பாரத் குழு 2023-ல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்ற 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாடல், இவற்றின் நிரல் திறந்தே கிடக்கிறது, உங்கள் மகளே இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஐஐடியில்தான் இதெல்லாம் நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் பல வருடமாகத் தமிழ் மொழித் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறது.

இனி நான் ஏமாந்த கதை. சில வருடங்களுக்கு முன் இதேபோல ஓர் எண்ணைப் பார்த்து மயங்கி, ஒரு பையனை ஒரு கல்லூரிக்குப் போகச் சொன்னேன். மையம் நிஜமாகவே நல்ல மையம், அதில் பொய் இல்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் யாரும் பி.இ. மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை, பையன் நான்கு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் போனது ஒரே ஒரு முறை, அதுவும் வெளிநாட்டு விருந்தினர் வந்தபோது நாற்காலி எடுத்துப் போட. அன்றிலிருந்து நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: இந்த மையத்தில் இருப்பவர்களில் யார் இரண்டாம் வருடத்துக்கு அல்காரிதம் வகுப்பு எடுக்கிறார்? அட்மிஷன் அலுவலகத்தில் பதில் வராது. அங்கே படிக்கிற மூன்றாம் வருடப் பிள்ளை ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள்.

அப்புறம், மகளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று நீங்கள் எழுதவே இல்லை. நான்கு வருடம் முடித்து நேராக வேலைக்குப் போவதுதான் எண்ணம் என்றால், இந்த மையமும் அதன் பேப்பர்களும் கிட்டத்தட்ட எதையும் மாற்றாது. அவளுக்கு கோடிங் கை வர வேண்டும், கல்லூரிக்கு நல்ல கம்பெனிகள் வர வேண்டும், கட்டணம் உங்கள் ஓய்வூதியத்தைத் தின்னக் கூடாது, அவ்வளவுதான். மேலே ஆராய்ச்சிக்குப் போகிற ஆசை இருந்தால்கூட மையம் தேவையில்லை, கணக்கில் பிடிப்புள்ள, மாணவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குகிற ஓர் ஆசிரியர் போதும். மூன்றாம் வருடத்தில் அறிவியல் அகாடமிகளின் கோடை ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது, சென்னை ஐஐடியின் கோடை ஃபெல்லோஷிப் இருக்கிறது, எய்டட் காலேஜ் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். அப்புறம் எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதலாம்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அந்த ஐந்து பெயர்களை நீங்கள் தேட வேண்டாம், மகளைத் தேடச் சொல்லுங்கள். எய்டட் காலேஜிலும் ஐந்து பெயர் எடுக்கச் சொல்லுங்கள். பத்தையும் அவள் எனக்கு அனுப்பட்டும், புதன்கிழமை சாயங்காலம் மூன்று பேருமாகப் பேசுவோம். அதுவரை முன்பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.